வீட்டில் தோட்டா நிரப்புபவர் எந்தக் கையேட்டை வாங்க வேண்டும்?

அமெரிக்காவில் ரைபிள் சுடும் பழக்கம் உள்ளவர்களிடையே, சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் பொறுக்கி வைத்து, அதைச் சுத்தம் செய்து, அடியில் தீப்பொறி எழுப்பும் சிறு மூடியான பழைய பிரைமரைத் தட்டி எடுத்துப் புதியதைப் பொருத்தி, அளந்த வெடிமருந்தை இட்டு, கூட்டின் வாயில் புதிய குண்டைச் செருகி மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் நூறாண்டுகளுக்கும் மேலாக இருந்துவருகிறது. அதை அங்கே ரீலோடிங் என்பார்கள். அந்த நாட்டில் குடியேறிய நம்மவர்களிலும் சிலர் இலக்குச் சுடும் மன்றங்களில் சேர்ந்து, மான் வேட்டைக்கான உரிமம் எடுத்து, சில ஆண்டுகளில் இந்த வேலைமேசையின் முன்னால் வந்து அமர்கிறார்கள். எந்த அழுத்துக் கருவியை வாங்குவது, எந்தத் தராசை வாங்குவது என்று கேட்டால் அவர்களுக்குப் பத்துப் பேர் விரிவாகப் பதில் சொல்கிறார்கள். எந்தத் தோட்டாவில் எந்த மருந்தை எவ்வளவு இடலாம் என்று பட்டியலிடும் கையேடுகளில் எதை வாங்குவது என்று கேட்டால் மட்டும், ஏதாவது ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், எல்லாம் ஒன்றுதான் என்று முடித்துவிடுகிறார்கள். எல்லாம் ஒன்றல்ல என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன். அந்த மேசையில் உள்ள பொருள்களில், தவறாகத் தேர்ந்தெடுத்தால் கையையும் கண்ணையும் பறிக்கக்கூடியவற்றில் கையேடும் ஒன்று.

சட்டத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தோட்டா நிரப்பிக்கொள்ள உரிமம் தேவையில்லை; விற்பதற்காகச் செய்தால் தயாரிப்பாளர் உரிமம் கட்டாயம். மாநிலச் சட்டங்களும் ஊர்த் தீயணைப்பு விதிகளும் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இக்கட்டுரை, இது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இடத்தில் வாழ்பவர்களுக்கு மட்டுமே உரியது.

கையேட்டைச் சமையல் குறிப்புப் புத்தகம் போல எண்ணுவதில்தான் பிழை தொடங்குகிறது. சமையலில் ஒரு பிடி பருப்பு கூடினால் சாம்பார் கெட்டியாகும், அவ்வளவுதான். கையேட்டின் ஒவ்வொரு வரியும் ஒரு சோதனைச்சாலையில் ஒரு நாளில் நடந்த அளவீட்டின் பதிவு: இந்தக் குழலில், இந்தக் கூட்டில், இந்தப் பிரைமரோடு, இந்தக் குண்டின் பின்னால் இந்த மருந்தை இவ்வளவு வைத்துச் சுட்டோம், இவ்வளவு வேகம் கிடைத்தது, இவ்வளவு அழுத்தம் எழுந்தது என்பதுதான் அந்த வரி சொல்லும் செய்தி. அதில் உள்ள எந்தப் பொருளை நீங்கள் மாற்றினாலும், அந்த வரி உங்களைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிடுகிறது. எனவே கையேட்டைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் மேசையில் இருக்கும் பொருள்களுக்கு மிக நெருக்கமான பொருள்களை வைத்துச் சோதித்தவர் யார் என்று தேடுவதே ஆகும்.

ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். 308 வின்செஸ்டர் தோட்டாவுக்கான பக்கத்தைத் திறந்தால், முதலில் அத்தோட்டாவின் வரைபடமும், கூட்டின் உச்ச நீளம், முழுத் தோட்டாவின் உச்ச நீளமான 2.810 அங்குலம் முதலிய அளவுகளும் இருக்கும். அதன் கீழே சோதித்த துப்பாக்கியின் பெயர், குழலின் நீளம், குழலின் உட்சுழி எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற விவரம், எந்த நிறுவனத்தின் கூடு, எந்தப் பிரைமர் என்பவை வரும். பிறகுதான் குண்டின் பெயரும் எடையும். 168 கிரெயின் என்று இருக்கலாம். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் என்பதால், ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். அதற்குக் கீழே வரிசையாக மருந்துகளின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடக்க அளவு, அதற்குரிய வேகம், உச்ச அளவு, அதற்குரிய வேகம். நல்ல கையேடாக இருந்தால் இரண்டு அளவுகளுக்கும் உரிய அழுத்தமும் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். கடையில் நின்று புத்தகத்தைப் புரட்டும்போது இத்தனை விவரங்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குண்டின் எடையை மட்டும் சொல்லி, யார் செய்த குண்டு என்று சொல்லாத புத்தகமும் உண்டு. பிரைமரின் பெயரைச் சொல்லாத பட்டியலும் உண்டு. விவரம் எவ்வளவு குறைகிறதோ, உங்கள் நிலைமைக்கும் அந்த எண்ணுக்கும் இடையே அவ்வளவு தூரம் கூடுகிறது.

குண்டைச் செய்தவர் யார் என்பது ஏன் முக்கியம் என்று புதியவர்கள் கேட்பார்கள். எடை ஒன்றாக இருந்தால் போதாதா என்பது இயல்பான ஐயம். ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகளில் ஒன்று நீளமாகவும் மற்றது குட்டையாகவும் இருக்கலாம். ஒன்றின் செம்பு உறை மென்மையாகவும் மற்றதன் உறை கடினமாகவும் இருக்கலாம். குழலின் உட்சுவரோடு உரசும் பரப்பும் வேறுபடும். நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கி, மருந்துக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். ஈயம் இல்லாத முழுச் செம்புக் குண்டுகளில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு என்பதால், அதே எடைக்கு அந்தக் குண்டு நீண்டே ஆக வேண்டும். கலிபோர்னியாவில் 2019 ஜூலை 1 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயமில்லாத் தோட்டாவையே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். அந்த மாநிலத்தில் மானுக்கோ காட்டுப்பன்றிக்கோ போகிறவர், ஈயக்குண்டுகளுக்கான பட்டியலை மட்டும் கொண்ட பழைய கையேட்டை வைத்துக்கொண்டு, எடை சரியாக இருக்கிறதே என்று அதில் உள்ள அளவை எடுத்தால் அது பெரிய தவறு. அவருக்கு வேண்டியது, முழுச் செம்புக் குண்டுகளில் பெயர் பெற்ற பார்னஸ் போன்ற நிறுவனத்தின் கையேடு, அல்லது தாம் வாங்கிய செம்புக் குண்டைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கும் வேறொரு கையேடு.

ஆகவே புத்தகக் கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு எப்போதும் சொல்வேன். உங்கள் துப்பாக்கி எது, அது எந்தத் தோட்டாவைச் சுடுகிறது, எந்த நிறுவனத்தின் எந்தக் குண்டை வாங்கப்போகிறீர்கள், உங்கள் ஊரில் எந்த மருந்து கைக்குக் கிடைக்கிறது, எதற்காகச் சுடுகிறீர்கள் என்பவையே அவை. இவற்றுள் குண்டுதான் தலைமையானது. குண்டை முடிவு செய்தவருக்குப் பாதிக் கையேடு தானாகவே முடிவாகிவிடும். மருந்தை எழுதிக்கொள்ளச் சொல்வதற்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் சில ஆண்டுகளில் மருந்தும் பிரைமரும் மாதக்கணக்கில் கடைகளில் கிடைக்காமல் போகும். அந்நேரங்களில் கிடைத்த மருந்தை வாங்கி வந்துவிட்டு, அதற்குப் பட்டியல் இல்லாத கையேட்டோடு உட்கார்ந்திருப்பவரைப் பார்த்திருக்கிறேன். பட்டியல் இல்லாத மருந்தை, இது அதைப் போன்றதுதான் என்று ஊகித்துப் பயன்படுத்தவே கூடாது.

இனிக் கையேடுகளை எடுத்துக்கொள்வோம். இவற்றை வெளியிடுகிறவர்கள் மூன்று வகையினர்: குண்டு செய்கிறவர்கள், மருந்து விற்கிறவர்கள், கருவி செய்கிறவர்கள். யார் வெளியிட்டது என்று தெரிந்தாலே, அந்தப் புத்தகம் எதில் விரிவாகவும் எதில் சுருக்கமாகவும் இருக்கும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

முதல் கையேடாக எதை வாங்குவது என்று கேட்டால் லைமன் கையேட்டைத்தான் சொல்வேன். லைமன் கருவி செய்யும் நிறுவனம். 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனத்தை 1925இல் வாங்கி, அதன் கையேட்டு மரபையும் தொடர்ந்தது. அந்தக் கையேடு இப்போது ஐம்பது பதிப்புகளைக் கடந்து நிற்கிறது. தம்முடைய குண்டை விற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லாததால், பல நிறுவனங்களின் குண்டுகளை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். பல மருந்து நிறுவனங்களின் மருந்துகளும் அதில் உண்டு. தொடக்க அளவுக்கும் உச்ச அளவுக்கும் அழுத்தத்தை அச்சிடுவது அதன் பெரிய நன்மை. வீட்டில் ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்துக் குண்டு செய்கிறவர்களுக்கான பட்டியல்களும் அதில் இருக்கின்றன. வார்ப்பிலேயே முழு ஈடுபாடு கொண்டவருக்கு லைமனே தனிக் கையேடு ஒன்றும் வைத்திருக்கிறது. குறை என்னவென்றால், ஒவ்வொரு எடைக்கும் ஒன்றிரண்டு குண்டுகள்தான் இருக்கும். உங்கள் குண்டு அதில் இல்லாமல் போவதற்கு வாய்ப்பு அதிகம். அதனால்தான் இரண்டாவது புத்தகம் தேவைப்படுகிறது.

இரண்டாவது புத்தகம் உங்கள் குண்டைச் செய்த நிறுவனத்தின் புத்தகமாக இருக்க வேண்டும். நெப்ராஸ்காவின் கிராண்ட் ஐலண்டில் இருக்கும் ஹார்னடி, ஓரிகனில் இருக்கும் நாஸ்லர், மிசௌரியின் செடாலியாவில் இருக்கும் சியரா, ஐடஹோவின் லூவிஸ்டனில் தோன்றிய ஸ்பியர் ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் குண்டுகளுக்கே பட்டியல் தருகின்றன. ஹார்னடியின் பட்டியல் அமைப்பு மற்றவற்றைப் போன்றது அன்று. வேகங்களைத் தலைப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொரு வேகத்துக்கும் எவ்வளவு மருந்து வேண்டும் என்று கட்டங்களில் காட்டுவார்கள். வலக்கோடியில் நிற்பது உச்ச அளவு. லைமனைப் பார்த்துப் பழகியவர் ஹார்னடியைத் திறந்தால், குறுக்காகப் படிப்பதா நெடுக்காகப் படிப்பதா என்று முதலில் தடுமாறுவார். நாஸ்லரில் ஒவ்வொரு மருந்துக்கும் மூன்று அளவுகள் இருக்கும். அந்த அளவு மருந்து கூட்டின் எத்தனை விழுக்காட்டை நிரப்பும் என்ற எண்ணும், சோதனையில் மிகத் துல்லியமாகச் சுட்டது எது என்ற குறியும் உடன் இருக்கும். துல்லியக் குறியை நான் பெரிதாக நம்புவதில்லை, ஏனெனில் அது அவர்களுடைய குழலின் விருப்பம். நிரப்பு விழுக்காடு மிகவும் பயன்படும். கூட்டில் பாதிகூட நிரம்பாத மருந்தைத் தேர்ந்தெடுத்தால், கவனம் சிதறிய ஒரு கணத்தில் ஒரே கூட்டில் இருமுறை மருந்தை இட்டுவிட்டு, கண்ணுக்குத் தெரியாமலே குண்டைச் செருகிவிட முடியும். கைத்துப்பாக்கித் தோட்டாக்களில் நேரும் மிக மோசமான விபத்துகளுக்கு இதுவே வழி. இரண்டு மடங்கு இட்டால் வழிந்து கீழே கொட்டக்கூடிய மருந்தைத் தேர்ந்தெடுப்பது புதியவருக்குப் பெரிய பாதுகாப்பு.

லீ நிறுவனத்தின் கையேட்டை ரிச்சர்ட் லீ எழுதினார். விளக்கப் பகுதி எளிமையாகவும் ஆர்வமூட்டுவதாகவும் இருக்கும். அந்நிறுவனத்தின் கருவிகளைப் பயன்படுத்துகிறவருக்கு, குறிப்பாக அளவுக் கரண்டிகளை வைத்திருப்பவருக்கு, அது தேவையான புத்தகமே. ஆனால் அதன் பட்டியல்கள் பெரும்பாலும் மருந்து நிறுவனங்கள் வெளியிட்டவற்றிலிருந்து தொகுத்தவை. குண்டின் எடையும் வகையும் இருக்குமேயன்றி, எந்த நிறுவனத்தின் குண்டு என்பது இருக்காது. அதை ஒரே கையேடாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பதில்லை.

மருந்து விற்கிறவர்களில் கன்சாஸைச் சேர்ந்த ஹாட்ஜ்டன் ஆண்டுதோறும் இதழ் வடிவில் ஒரு தொகுப்பை வெளியிடுகிறது. இணையத்திலும் அதே அளவுகளை இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். ஐஎம்ஆர் மருந்துகளை 2003இல் வாங்கியதாலும், வின்செஸ்டர் பெயரிலுள்ள மருந்துகளுக்கு உரிமம் பெற்றிருப்பதாலும், அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் மருந்துகளில் பெரும்பகுதி அந்த ஒரே இடத்தில் அடங்கிவிடுகிறது. அலையன்ட், ஃபின்லாந்தின் விஹ்டாவுரி ஆகியவையும் தங்கள் பட்டியல்களைத் தருகின்றன. புத்தகம் அச்சான பிறகு சந்தைக்கு வந்த மருந்துக்கு வேறு எங்கும் பட்டியல் கிடைக்காது என்பதால் இவை தவிர்க்க முடியாத துணை. இரண்டு கையேடுகளும் மருந்து நிறுவனத்தின் இன்றைய பட்டியலும் ஆக மூன்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே என் வழக்கம்.

மூன்றையும் வைத்துப் பார்த்தால் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. புதியவர்கள் இதைக் கண்டு பதறி, எது சரி எது தவறு என்று கேட்பார்கள். எல்லாமே சரிதான், ஒவ்வொன்றும் வேறொரு குழல், வேறொரு கூடு, வேறொரு பிரைமர், வேறொரு மருந்துத் தொகுதி. ஒரு புத்தகத்தின் உச்ச அளவு இன்னொன்றின் உச்ச அளவைவிட ஒன்றிரண்டு கிரெயின் கூடுதலாக இருந்தால், அதைக் கூடுதல் அனுமதி என்று எடுத்துக்கொள்ளாமல், உங்கள் துப்பாக்கியும் இந்த அளவுக்கு விலகிப் போகலாம் என்ற எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றிலும் மிகக் குறைந்த தொடக்க அளவிலிருந்து தொடங்குவது என்பது எந்நாளும் மாறாத விதி. அளவைக் குறைத்தால் எப்போதும் பாதுகாப்பு என்று எண்ணுவதும் தவறு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எச்110 போன்ற சில மருந்துகளை அச்சிட்ட அளவுக்கு மிகவும் கீழே இறக்கக்கூடாது என்று வெளியீட்டாளரே தனியாக எச்சரித்திருப்பார். அத்தகைய எச்சரிக்கைகளைப் பட்டியலுக்கு அருகிலேயே அச்சிட்டிருக்கும் கையேட்டுக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மருந்துகளின் பெயர்களில் எண்கள் இருக்கும். எச்4895 என்று ஒன்றும், ஐஎம்ஆர் 4895 என்று ஒன்றும் உண்டு. எச்4350, ஐஎம்ஆர் 4350 ஆகியவையும் அப்படியே. எண் ஒன்றாக இருந்தாலும் அவை வெவ்வேறு மருந்துகள், ஒன்றின் அளவு மற்றொன்றுக்குப் பொருந்தாது. பல பட்டியல்களில் இந்த இரண்டும் அடுத்தடுத்த வரிகளில் அச்சாகியிருக்கும். ஒரு மாலை, சிறிய எழுத்தில் நெருக்கமாக அச்சிட்ட ஒரு பக்கத்தைப் பார்த்து, என் முன் இருந்த டப்பாவுக்கு உரிய வரிக்குப் பதிலாக அதற்கு மேல்வரியின் அளவைத் தராசில் ஏற்றிவிட்டேன். இரண்டாவது புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டபோதுதான் எண் பொருந்தாமல் இருப்பதைக் கண்டு, நிரப்பிய ஐந்து கூடுகளையும் கவிழ்த்து மருந்தைத் திருப்பிக் கொட்டினேன். அன்றிலிருந்து பட்டியலின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து, மற்ற வரிகளை மறைத்துத்தான் படிக்கிறேன். கையேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது எழுத்தின் அளவையும், ஒன்றுவிட்டு ஒரு வரிக்கு நிழல் கொடுத்திருக்கிறார்களா என்பதையும் கவனிக்கச் சொல்வது இதனால்தான். கண்ணாடி அணிகிறவர், மேசை விளக்கின் வெளிச்சத்தில் படிக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட வேண்டும்.

பழைய பதிப்புகளைப் பற்றித் தனியே எழுதியாக வேண்டும், ஏனென்றால் நண்பர்கள் அன்போடு கொடுப்பவை பெரும்பாலும் அவைதான். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய புத்தகங்களில் உச்ச அளவு இன்றையதைவிடக் கூடுதலாக இருப்பது உண்மை. வழக்கறிஞர்களுக்குப் பயந்து நிறுவனங்கள் அளவைக் குறைத்துவிட்டன என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். அளவிடும் கருவி மாறியதே முதன்மையான காரணம். முன்பு சோதனைக் குழலில் தோட்டா அமரும் அறையில் ஒரு துளையிட்டு, அதில் ஓர் உந்துதண்டையும் அதன்மேல் ஒரு சிறிய செம்பு உருளையையும் பொருத்திச் சுடுவார்கள். உருளை எவ்வளவு நசுங்கியது என்று அளந்து, அதிலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுவார்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் எழுந்து விழும் அழுத்தத்தின் உண்மையான உச்சியைச் செம்பு முழுவதும் காட்டிவிடாது. இப்போது அழுத்தத்தை மின்குறியாக மாற்றும் படிக உணரிகள் முழு வளைவையும் பதிவு செய்கின்றன. 1926இல் தொடங்கிய எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்னும் தயாரிப்பாளர் கழகம் 308 வின்செஸ்டருக்கு வைத்திருக்கும் உச்ச அழுத்தம் உணரி முறையில் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. செம்பு முறையில் அதே தோட்டாவுக்கு 52,000 அலகு. இரண்டும் ஒரே எல்லையை இரண்டு அளவுகோலில் சொன்னவை. பழைய புத்தகத்தில் 50,000 என்று பார்த்துவிட்டு, இன்னும் 12,000 பாக்கி இருக்கிறதே என்று எண்ணுகிறவர் பெரும் ஆபத்தில் இருக்கிறார். கையேடு எந்த முறையில் அளந்தது என்பதை முன்னுரையிலோ பட்டியலின் தலைப்பிலோ சொல்லியிருக்க வேண்டும்; சொல்லாததை வாங்காதீர்கள்.

கருவி மட்டும் மாறவில்லை, மருந்தும் மாறியிருக்கிறது. ஹாட்ஜ்டனின் எச்4831 முதலில் இரண்டாம் உலகப்போரில் மிஞ்சிய இராணுவ மருந்தாக விற்பனைக்கு வந்தது. இன்று அதே பெயரில் விற்பது ஆஸ்திரேலியாவில் புதிதாகச் செய்யப்படுகிறது. டப்பாவின் மேல் உள்ள பெயர் ஐம்பது ஆண்டுகளாக மாறாமல் இருப்பதால், உள்ளே இருப்பதும் அதேதான் என்று கருத முடியாது. ஆகையால் அளவுகளுக்கு எப்போதும் இப்போதைய பதிப்பு. பழைய பதிப்புகளைத் தூக்கி எறியவும் வேண்டாம். இன்று பட்டியலில் இடம்பெறாத அரிய தோட்டாக்களின் வரலாறும் வரைபடமும் அவற்றில்தான் கிடைக்கும். நான் பழைய புத்தகங்களை வேலைமேசையில் வைக்காமல் வேறு அறையின் அலமாரியில் வைத்திருக்கிறேன். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால், அவசரத்தில் கை தவறிப் போகும்.

உங்கள் துப்பாக்கியும் பழையதாக இருந்தால் தேர்வு இன்னும் கவனமாக அமைய வேண்டும். 45-70 என்னும் தோட்டா 1873இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவானது. அன்றைய டிராப்டோர் ரைபிள்கள் இன்றும் பலரிடம் சுடும் நிலையில் இருக்கின்றன. அதே தோட்டாவைச் சுடும் மார்லின் ரைபிளும், மிகவும் வலுவான ரூகர் ரைபிளும் உண்டு. மூன்றின் அறையிலும் ஒரே தோட்டா நுழையும். ஒன்று தாங்கும் அழுத்தத்தை இன்னொன்று தாங்காது. நல்ல கையேடு இத்தோட்டாவுக்கு மூன்று தனித்தனிப் பட்டியல்களைத் தந்து, எது எந்தத் துப்பாக்கிக்கு என்பதைத் தலைப்பிலேயே எழுதியிருக்கும். அப்படிப் பிரிக்காத புத்தகத்தைத் தாத்தாவின் டிராப்டோரோடு சேர்க்கவே கூடாது. 1936இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்ட எம்1 கேரண்டும் இத்தகையதே. அது சுடும் 30-06 தோட்டாவுக்கு எல்லாக் கையேட்டிலும் பட்டியல் இருக்கும், ஆனால் மெதுவாக எரியும் மருந்துகளைக் கொண்ட கனமான வேட்டை அளவுகளைப் போட்டால், வாயுவால் பின்னோக்கித் தள்ளப்படும் அதன் இயக்குதண்டு வளைந்துபோகும். ஹார்னடியின் கையேட்டில் கேரண்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கேரண்டு வைத்திருப்பவர் வேறு எந்தப் புத்தகத்தை வாங்கினாலும் அதையும் வாங்கிக்கொள்வது நல்லது.

ஷாட்கன் தோட்டா நிரப்புகிறவர் மேலே சொன்ன எதையும் வாங்க வேண்டியதில்லை; அது வேறு துறை. பிளாஸ்டிக் கூடு, உள்ளே வைக்கும் தக்கை, பிரைமர், மருந்து, சன்னங்களின் எடை ஆகிய ஐந்தும் அச்சிட்டபடியே இருந்தாக வேண்டும். அதற்குரிய தனிக் கையேட்டைத்தான் வாங்க வேண்டும்.

பட்டியல்களைப் பற்றி இவ்வளவு சொன்னாலும், புதியவர் கையேட்டை மதிப்பிட வேண்டிய இடம் முன்பகுதிதான். கூட்டில் விரிசலை எங்கே தேடுவது, அடிப்பகுதிக்குச் சற்று மேலே தோன்றும் மங்கிய வளையம் எதன் அறிகுறி, சுடுவதால் நீண்டுபோன கூட்டை எப்போது வெட்டிக் குறைப்பது, பிரைமர் எவ்வளவு ஆழத்தில் அமர வேண்டும், அழுத்தம் மிகும்போது பிரைமரும் கூட்டின் அடியும் எப்படி மாறும் என்பவற்றையெல்லாம் படங்களோடு விளக்கியிருக்க வேண்டும். கடையில் நிற்கும்போது அழுத்த அறிகுறிகளைப் பற்றிய பக்கத்தை மட்டும் திறந்து முழுவதும் படித்துப் பாருங்கள். தட்டையாகிப்போன பிரைமரின் படமும் இயல்பான பிரைமரின் படமும் அருகருகே இருந்து, இந்த அறிகுறிகள் தெரியாததால் மட்டும் அழுத்தம் சரி என்று முடிவு செய்யக்கூடாது என்றும் அந்தப் பக்கம் சொன்னால், எழுதியவர் பொறுப்புள்ளவர். மருந்தையும் பிரைமரையும் வீட்டில் வைப்பது பற்றிய பகுதியும் இருக்கிறதா என்று பாருங்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்க வேண்டும், வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது, ஒரு நேரத்தில் மேசைமேல் ஒரே ஒரு மருந்துதான் இருக்க வேண்டும் என்பவை அதில் இருந்தாக வேண்டிய செய்திகள். ஆங்கிலத்தில் நீண்ட தொழில்நுட்ப உரையைப் படிப்பது கடினமாக இருப்பவர், படங்கள் நிறைந்த புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, முன்பகுதியை இரண்டுமுறை படித்த பின்பே கருவியைத் தொட வேண்டும். இதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

கருவித் தொகுப்போடு ஒரு கையேடும் சேர்ந்து வருவதுண்டு. அதை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. இப்போதைய பதிப்புதானா என்று மட்டும் பதிப்புரிமைப் பக்கத்தில் பார்த்து, அதை இரண்டில் ஒன்றாகக் கணக்கில் கொள்ளுங்கள். தனித்தனித் தோட்டாவுக்கென்று பல நிறுவனங்களின் பக்கங்களைத் தொகுத்துச் சுருள்கம்பியில் கட்டிய மெல்லிய புத்தகங்களும் கிடைக்கின்றன. ஒரே ஒரு தோட்டாவை மட்டும் நிரப்புகிறவருக்கு அவை வசதியாக இருக்கும். விளக்கப் பகுதி இருக்காது என்பதால் முதல் புத்தகமாக அவை ஆகா. இணையத்தில் யாரோ எழுதிய அளவையும், சுடுமிடத்தில் பக்கத்து மேசைக்காரர் காதில் சொன்ன அளவையும் கையேட்டில் கண்டு உறுதி செய்யாமல் பயன்படுத்தக் கூடாது. அவர் நல்லவராகவே இருப்பார். ஆனால் அவருடைய குழல் உங்களுடையது அன்று.

வாங்கி வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வெளியீட்டாளரின் இணையதளத்தில் அந்தப் பதிப்புக்குப் பிழைதிருத்தம் வெளியாகியிருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் அந்தந்தப் பக்கத்தில் பேனாவால் திருத்தித் தேதியும் இடுங்கள். நீங்கள் நிரப்பிச் சுட்ட ஒவ்வொரு அளவையும் தனி நோட்டில் எழுதும்போது, மருந்து டப்பாவின் தொகுதி எண்ணோடு, எந்தக் கையேட்டின் எந்தப் பதிப்பில் எத்தனையாவது பக்கத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். அடுத்த பதிப்பு வாங்கியதும் அந்தப் பக்கங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, உச்ச அளவு இறங்கியிருந்தால், ஏற்கெனவே நிரப்பிப் பெட்டியில் வைத்திருக்கும் தோட்டாக்களைச் சுடாமல், குண்டைக் கழற்றும் கருவியால் பிரித்து எடுத்து, புதிய தொடக்க அளவிலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.